ஆக்கப் பொறுத்தோர்



கதை கேட்கும் குழந்தை, கதை முடிந்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பிறகு என்ன நடந்தது?" என்பதே அக்கேள்வி. அரசகுமாரனுக்குத் திருமணமும் நடந்து பட்டாபிஷேகமும் முடிந்துவிட்டது என்று பாட்டி சொன்னாலும் குழந்தை விடுவதில்லை. வளர்ந்தோரும் இக்கேள்வியை விட்டுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆங்கில எழுத்தாளரான ஆதர் கொனன் டொயில் 1893 ஆம் ஆண்டிலே தம்முடைய துப்பறியும் பாத்திரமாகிய ஷேர்லொக் ஹோம்ஸ் சுவிற்சர்லாந்து நாட்டு அருவியொன்றில் வீழ்ந்து மாண்டதாகக் கதையை முடித்தார். வாசகர் அதனை ஏற்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1903 இல், ஹோம்ஸ் அந்த அருவியில் வீழவே இல்லை என்று எழுதி, ஆசிரியர் அவரை மீட்டுக்கொண்டு வந்தார். "பிறகு என்ன?" என்ற கேள்விக்கு அத்துணை வலிமை உண்டு.

இக்காலத்தில் இக்கேள்வியை மிக உரத்த குரலிற் கேட்போர் விடியோ விளையாட்டுக்களின் இரசிகர்களே எனலாம். ஒரு விளையாட்டு அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டால், அதன் அடுத்த பாகம் எப்போது வரும், வந்தால் எவ்வாறிருக்கும், முன்னையதன் பெயரைக் கெடுத்துவிடுமோ என்றெல்லாம் ஏங்குகிறார்கள், ஐயுறுகிறார்கள், தமக்குள் வாதிடுகிறார்கள். அவ்வாறான ஏக்கமும் ஐயமும் ஆறரை ஆண்டுகள் நீடித்த வரலாறு ஒன்றே இன்றைய பேச்சின் பொருள். அவ்வரலாறு அவுஸ்திரேலியாவின் தென்பகுதியிலுள்ள அடிலெயிட் நகரிலே தொடங்குகிறது.

அந்நகரிலே அரி கிப்சன், வில்லியம் பெலன் என்னும் நண்பர் இருவர் இருந்தனர். 2013 ஆம் ஆண்டில், மிகக் குறுகிய காலத்துக்குள் ஒரு விளையாட்டை ஆக்கி முடிக்கவேண்டும் என்ற நிகழ்ச்சியொன்றிலே அவர்கள் பங்குபற்றினார்கள். பசித்த வீரன் என்று பொருள்படும் பெயரோடு அன்று அவர்கள் ஆக்கிய சிறு விளையாட்டிலே பூச்சி வீரன் ஒருவன் தோன்றினான். அவ்வீரனை வைத்துப் பெரிய விளையாட்டொன்றை ஆக்க அவர்கள் எண்ணினார்கள். டீம் செரி என்பது அவர்களுடைய சிறு நிறுவனத்தின் பெயர். கையிலே போதிய பொருள் இல்லை. ஆகவே 2014 ஆம் ஆண்டின் இறுதியில், கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையத் தளத்தின் வாயிலாகப் பொது மக்களிடம் உதவி கோரினார்கள். அவர்கள் கேட்டது 35,000 அவுஸ்திரேலிய டொலர். 2,158 பேர் சேர்ந்து கொடுத்தது 57,138 டொலர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதற்கு இதனினும் பொருத்தமான உதாரணம் காண்பது அரிது.

அவ்வாறு பொருள் திரட்டும்போது, தொகை கேட்டதற்கு மேலாகச் சேர்ந்தால் இன்னின்ன சிறப்புக்களையும் சேர்ப்போம் என்று அவர்கள் வாக்களித்திருந்தார்கள். வீரனோடு இரண்டாவது பாத்திரம் ஒன்றையும் ஆடுவோர் இயக்கத்தக்கதாகச் செய்வோம் என்பது அவ்வாக்குகளுள் ஒன்று. அந்தப் பாத்திரம் ஹோர்னெட் என்னும் பெண் என்று பின்னர் முடிவாயிற்று. இந்த ஒரு வாக்குறுதியை நேயர்கள் நினைவிலே வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் நிகழ்ந்தவை யாவும் இதிலிருந்தே முளைத்தன.

2017 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 24 ஆம் திகதி முதல் விளையாட்டு வெளிவந்தது. அதன் பெயர் ஹொலோ நைட். வெற்று வீரன் என்று தமிழிற் சொல்லலாம். நிலத்தின் கீழே பாழடைந்து கிடக்கும் பூச்சிகளின் இராச்சியம் ஒன்று. அதன் பெயர் ஹலோநெஸ்ட். வாய் பேசாத சின்னஞ்சிறு வீரன் ஒருவன் ஆணி ஒன்றையே வாளாகப் பிடித்து அதனுள்ளே இறங்குகிறான். எங்கே போகவேண்டும் என்று அவனுக்கு எவரும் விளக்கிச் சொல்வதில்லை. வழியிலே சந்திக்கும் வரைபடக்காரன் ஒருவனிடம் விலை கொடுத்துப் படம் வாங்கவேண்டும். வீரன் மடிந்தால், அதுவரை சேர்த்த பொருள் மடிந்த இடத்திலே நிழலுருவோடு தங்கிவிடும். திரும்பிச் சென்று அந்நிழலோடு பொருதே அதனை மீட்கவேண்டும். மீட்பதற்கு முன் மறுபடியும் மடிந்தால் எல்லாம் போயிற்று. கையால் வரைந்த சித்திரங்களும், கிறிஸ்தோபர் லார்க்கின் அமைத்த மெல்லிய சோக இசையும் அந்தப் பாழ் நகருக்கு உயிரூட்டின.

இவ்விளையாட்டு கடினமானது, ஆயினும் நேர்மையானது என்பது ஆடியவர்களின் கருத்து. தோற்றவன் தன் பிழையாலேதான் தோற்றான் என்பதை உணர்ந்து மறுபடியும் முயல்வான். விலையோ வெறும் 15 அமெரிக்க டொலர். அதன் பின்பும் நான்கு இணைப்புக்களை ஆக்கியோர் மேலதிகமாக ஒரு சதமும் கேளாது வழங்கினார்கள். கேட்டதற்கு மேலே கொடுப்பவர்கள் என்ற நற்பெயர் அவர்களுக்கு இவ்வாறே வாய்த்தது. 2025 ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் ஒரு கோடியே 50 இலட்சம் பிரதிகள் விலைபோயிருந்தன.

இனி, நிறைவேறாது எஞ்சியிருந்த வாக்குறுதிக்கு வருவோம். ஹோர்னெட் என்ற பாத்திரத்துக்காகச் சிறியதோர் இணைப்பை ஆக்கத் தொடங்கியவர்கள், அது கையை மீறி வளர்ந்துவிட்டதைக் கண்டார்கள். 2019 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அது இணைப்பு அன்று, தனியானதொரு முழு விளையாட்டு என்று அறிவித்தார்கள். சில்க்சோங், அதாவது பட்டுப்பாடல், என்று அதற்குப் பெயரிட்டார்கள். முதல் விளையாட்டுக்கு அன்று பொருள் தந்து உதவியோர் யாவருக்கும் இது இலவசம் என்றும் கூறினார்கள். ஹோர்னெட் சிறைப்பிடிக்கப்பட்டுப் பார்லூம் என்னும் அந்நிய நாட்டுக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். முதற்கதையில் வீரன் பாதாளத்தை நோக்கி இறங்கினான். இரண்டாவது கதையில் இவள் உச்சியிலுள்ள கோட்டையை நோக்கி ஏறவேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் நடைபெற்ற கண்காட்சியொன்றில் சிலர் அதன் ஒரு பகுதியை ஆடியும் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது, விரைவில் வந்துவிடும் என்று உலகம் நம்பிற்று.

வரவில்லை. ஓராண்டு கழிந்தது, ஈராண்டு கழிந்தது. ஆக்கியோரிடமிருந்து வரும் செய்தியும் அருகி, ஏறத்தாழ நின்றே போயிற்று.

இந்த மௌன காலத்திலேதான் இரசிகர் உள்ளத்தில் ஆசையும் ஐயமும் மாறி மாறி எழுந்தன. ஆசைக்குக் காரணங்கள் பல இருந்தன. முதல் விளையாட்டைச் செய்த அதே கைகளே இதனையும் செய்கின்றன. கடன் கொடுத்தவனின் அவசரம் அவர்களுக்கு இல்லை. முதல் விளையாட்டின் வருவாயே போதுமானதாக இருந்தது. வாக்குத் தவறாதவர்கள் என்ற நற்பெயரும் இருந்தது.

ஐயத்துக்கும் காரணங்கள் இல்லாமலில்லை. விடியோ விளையாட்டின் வரலாறு அறிந்தோர் இரண்டு பழைய நிகழ்ச்சிகளை நினைத்து அஞ்சினார்கள். டியூக் நியூக்கம் ஃபொரெவர் என்னும் விளையாட்டு 1997 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு 2011 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் உலகம் எங்கோ சென்றுவிட்டது. வந்த விளையாட்டோ பழைய காலத்திலேயே நின்றது. காத்திருந்தவர்களே அதனைக் கைவிட்டார்கள். மற்றையது ஹாஃப் லைஃப் என்னும் புகழ்பெற்ற தொடர். அதன் இரண்டாம் விளையாட்டுக்கு மூன்று அத்தியாயங்கள் இணைக்கப்படும் என்றார்கள். 2007 ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் அத்தியாயம் ஒரு மரணத்தோடு, கதை அந்தரத்திலே தொங்கும் நிலையில் முடிந்தது. அந்த மூன்றாம் அத்தியாயம் வெளிவரவே இல்லை. ஒன்று, வந்து ஏமாற்றியது. மற்றொன்று, வராமலே ஏமாற்றியது. இவ்விரண்டுள் எது தங்களுக்கு வாய்க்குமோ என்பதே சில்க்சோங் இரசிகரின் அச்சமாயிருந்தது.

இவற்றினும் நுட்பமான ஐயம் ஒன்றும் உண்டு. காத்திருக்கும் காலம் நீள நீள எதிர்பார்ப்பும் உயர்ந்துகொண்டே போகிறது. ஓராண்டு காத்திருந்தவன் நல்ல விளையாட்டு ஒன்றைப் பெற்றால் மகிழ்வான். ஆறு ஆண்டுகள் காத்திருந்தவனோ, தன் கற்பனையிலே தானே ஒரு விளையாட்டை ஆக்கி முடித்துவிடுகிறான். மெய்யான விளையாட்டு அந்தக் கற்பனை விளையாட்டோடு போட்டியிடவேண்டியிருக்கிறது. கற்பனையிலே குறை ஏது? எனவே, எதுதான் வந்தாலும் தங்களுக்குத் திருப்தி பிறக்குமா என்று இரசிகர்கள் தங்களையே ஐயுறத் தொடங்கினார்கள்.

காத்திருப்போருக்குக் காலம் போக்கவும் வேண்டுமன்றோ? ஒருவர் நாள்தோறும் ஒரு குறும்படம் வெளியிட்டு, "இன்று செய்தி ஏதும் இல்லை" என்று அறிவிப்பதையே பணியாக மேற்கொண்டார். அதனையும் பல்லாயிரவர் பார்த்தார்கள். புதிய விளையாட்டுக்களைப் பற்றிப் பெரிய நிறுவனங்கள் நிகழ்ச்சி நடத்தும் ஒவ்வொரு முறையும், இம்முறை நிச்சயம் வரும் என்று கூடினார்கள். வராதபோது தங்களையே கோமாளிகள் என்று கூறிச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பிலே பொய்யில்லை. சிறிது கண்ணீரும் கலந்திருந்தது.

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் நடத்திய எக்ஸ்பொக்ஸ் நிகழ்ச்சியில் சில்க்சோங்கின் காட்சிகள் தோன்றின. அங்கு காட்டப்பெறும் விளையாட்டுக்கள் யாவும் பன்னிரண்டு மாதங்களுள் வெளிவரும் என்றும் சொல்லப்பட்டது. இரசிகர் நாட்களை எண்ணினார்கள். 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில், பன்னிரண்டு மாதம் நிறைவதற்குச் சற்று முன்னர், விளையாட்டு மிகவும் பெரிதாகிவிட்டதென்றும் மேலும் காலம் வேண்டுமென்றும் டீம் செரியின் சார்பில் அறிவித்தார்கள். திகதி ஏதும் குறிப்பிடவில்லை.

2025 ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த ஒன்று நகைப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தருவது. ஆக்கியோருள் ஒருவராகிய பெலன் தமது இணையப் பக்கத்திலே இருந்த படத்தை மாற்றிக் கேக் ஒன்றின் படத்தை வைத்தார். அவ்வளவே. இரசிகர்கள் அந்தக் கேக்கின் செய்முறை எங்கே வெளிவந்தது, எந்தத் திகதியில் வெளிவந்தது என்று ஆராய்ந்து, ஏப்பிரல் 2 ஆம் திகதி என்று கண்டுபிடித்து, அன்று செய்தி வரும் என்று முடிவு கட்டினார்கள். இதிலே மறைபொருள் ஏதும் இல்லை என்று டீம் செரியைச் சேர்ந்தவர் விளக்க நேர்ந்தது. ஆனால் வேடிக்கை என்னவெனில், அந்த ஏப்பிரல் 2 ஆம் திகதி நிண்டெண்டோ நிறுவனத்தின் நிகழ்ச்சியிலே சில்க்சோங் சில கணங்கள் தோன்றியே விட்டது! பசித்தவன் கண்ணுக்கு மேகமும் அன்னமாய்த் தோன்றும். சிலவேளை அம்மேகம் மழையாகியும் விடுகிறது.

கடைசியில், 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 21 ஆம் திகதி, செப்டெம்பர் 4 ஆம் திகதி விளையாட்டு வெளிவரும் என்று அறிவித்தார்கள். ஆறரை ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் இரண்டே வார அறிவித்தல்! அந்நாளில் ஆக்கியோர் பத்திரிகைப் பேட்டியும் அளித்தனர். இத்தனை காலம் ஏன் சென்றது என்ற வினாவுக்கு அவர்கள் சொன்ன விடையை எவரும் எதிர்பார்க்கவில்லை. வேலை தடைப்படவில்லை, சண்டை சச்சரவு ஏற்படவில்லை, மூலமுடை உண்டாகவில்லை. அவ்வேலை அவர்களுக்கு இன்பமாயிருந்தது. புதிய புதிய எண்ணங்கள் தோன்றின. தோன்றியவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில், படம் வரைவதையே நிறுத்தவேண்டும், அல்லாவிடில் இது முடியாது என்று தாம் எண்ணியதாகக் கிப்சன் கூறினார். வெளியே இருந்தவர்கள் அந்த வீட்டிலே நோயோ, துக்கமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களோ மகிழ்ச்சியோடு சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழுகிறது. ஆக்கியோன் மகிழ்ந்திருந்தான் என்பதனால் அவன் மௌனம் குற்றமற்றதாகிவிடுமா? இரசிகரிடையே இதைக் குறித்து இரு கட்சிகள் இருந்தன. கலைஞனை அவன் போக்கில் விடவேண்டும், அவசரப்படுத்திய படைப்பு அரைவேக்காடாகும் என்றது ஒரு கட்சி. அன்பு செலுத்திக் காத்திருப்பவனுக்கு ஆண்டுக்கொரு வார்த்தையாவது சொல்லக்கூடாதா என்றது மறு கட்சி. சொல்வதற்குப் புதிதாய் ஏதும் இல்லாதபோது, இன்னும் வேலை செய்கிறோம் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வதிற் பயன் என்ன என்பது ஆக்கியோரின் கருத்து.

இரண்டு கட்சியிலும் உண்மை உண்டு. ஆக்கியோன் இன்ன நாளில் முடிப்பேன் என்று கூறக் கடமைப்பட்டவன் அல்லன். முடியாத நாளைக் கூறி ஏமாற்றுவதிலும் பார்க்கக் கூறாதிருப்பது மேல். ஆயினும், "வேலை நடக்கிறது" என்ற சிறு சொல், சொல்பவனுக்குப் பழையது. கேட்பவனுக்கோ ஒவ்வொரு முறையும் புதியது. கடல் கடந்து போன மகன் எழுதும் கடிதத்திலே "நான் நலம்" என்பதைத் தவிர வேறு செய்தி இல்லாதிருக்கலாம். அதற்காகத் தாய் அக்கடிதத்தை வேண்டாமென்பாளா? மேலும், திடீரென்று திகதி குறித்ததனால் பாதிக்கப்பட்டவர்களும் உளர். அதே நாட்களில் தங்கள் விளையாட்டுக்களை வெளியிடவிருந்த வேறு சிறு நிறுவனங்கள் சில, இதனோடு போட்டியிட அஞ்சித் தங்கள் திகதிகளைத் தள்ளிவைத்தன. ஒரு காலத்தில் டீம் செரியும் அவ்வாறானதொரு சிறு நிறுவனமே என்பதை நினைக்கும்போது இது சிந்திக்கத்தக்கது.

செப்டெம்பர் 4 ஆம் திகதி வந்தது. விளையாட்டை இணையத்திலே விற்கும் ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேசன், எக்ஸ்பொக்ஸ் ஆகிய பெருங்கடைகள் யாவும் கூட்டம் தாங்காது சிறிது நேரம் தடுமாறிப்போயின. ஸ்டீம் ஒன்றிலேயே முதல் நாளில் ஒரே வேளையில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் ஆடினர். விலை 20 அமெரிக்க டொலர். பெரிய நிறுவனங்கள் தங்கள் புதிய விளையாட்டுக்கு 70 டொலர் கேட்கும் காலத்தில், காத்திருந்தோரின் ஆவலைக் காசாக்கிக்கொள்ள எண்ணியிருந்தால் இவர்களும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 2014 இல் உதவியவர்களுக்கு இலவசம் என்று சொன்ன சொல்லும் நின்றது.

ஐயங்கள் யாவும் தீர்ந்தனவா? டியூக் நியூக்கமுக்கு நேர்ந்த கதி நேரவில்லை என்பது உறுதி. விமர்சகர் பெரிதும் பாராட்டினார்கள். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் நடைபெற்ற விளையாட்டு விருது விழாவிலே ஒரு விருதும் கிடைத்தது. ஆனால், "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை" என்று தமிழிலே பழமொழி ஒன்று உண்டல்லவா? ஆறரை ஆண்டுகள் ஆக்கப் பொறுத்தவர்களுட் பலர், ஆறு நாட்களுக்குள் குறை சொல்லத் தொடங்கினார்கள். விளையாட்டு அளவுக்கு மீறிக் கடினம் என்றார்கள். எதிரியின் ஓர் அடிக்கு இரண்டு அடியின் வலி, இளைப்பாறும் இருக்கைக்கும் சில இடங்களிலே காசு, தோற்றால் மறுபடியும் நெடுந்தூரம் நடை என்று முறையிட்டார்கள். கடினமே இதன் சுவை, அதைக் குறைத்தாற் கெட்டுவிடும் என்று பழகிய கைகள் மறுத்தன. ஆக்கியோர் சில நாட்களில் தொடக்கப் பகுதியின் கடுமையைச் சிறிது தணித்தார்கள். சீன மொழிபெயர்ப்பு நன்றாயில்லை என்று சீனத்து இரசிகர் பெருந்தொகையாய்க் குறைகூறினர். அந்தக் குறையை நிறுவனம் ஏற்றுத் திருத்துவதாகக் கூறியது.

இம்முறையீடுகளைக் கேட்டு, நன்றியில்லாதவர்கள் என்று இரசிகர்களைக் கடிந்துகொள்வது எளிது. அது முற்றிலும் நீதியாகாது. சீன மொழியில் ஆடுபவனும் அதே ஆறரை ஆண்டு காத்திருந்தவனே. அவனுக்குத் தெளிவில்லாத மொழியிலே கதை கிடைத்தால், பந்திக்கு வந்தவனுக்குக் கிழிந்த இலை போட்டது போலாகும். அவன் குறை கூறியது வெறுப்பினால் அன்று, உரிமையினால். அலட்சியமாக இருப்பவன் குறை கூறமாட்டான், எழுந்து போய்விடுவான்.

விடியோ விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கவனிக்கலாம். இளைஞர் எதற்கும் பொறுமையற்றவர், கைவிரலசைவில் எல்லாம் கிடைக்கவேண்டுமென்று நினைப்பவர் என்ற குற்றச்சாட்டு நாள்தோறும் கேட்கிறது. அதே இளைஞருள் பல இலட்சம் பேர், விளம்பரமோ உறுதிமொழியோ இல்லாத நிலையில், நன்றாகச் செய்யப்படும் ஒரு பொருளுக்காக ஆறரை ஆண்டுகள் காத்திருந்தார்கள். பள்ளிப்பருவத்திலே காத்திருக்கத் தொடங்கியவர் சிலர், வேலைக்குச் சென்று தம் சொந்தச் சம்பளத்தில் அதனை வாங்கினார்கள். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று எவ்வாறு கூறமுடியும்? பொறுத்திருக்கத்தக்க பொருள் ஒன்று கிடைத்தால் அவர்களும் பொறுப்பார்கள். அத்தகைய பொருளை அவர்கள் முன் வைக்கிறோமா என்பதே பெரியோர் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

2025 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், சில்க்சோங்குக்கு இலவசமாக ஓர் இணைப்பை ஆக்கிவருவதாக டீம் செரி அறிவித்தது. சிறியதோர் இணைப்பாய்த் தொடங்கிய ஒன்றுதான் முன்னர் ஆறரை ஆண்டு வேலையாய் வளர்ந்தது என்பதை இரசிகர்கள் மறந்துவிடவில்லை. அறிவிப்பு வந்ததும் சிரித்தார்கள். பின்பு, பழையபடி, "பிறகு என்ன நடக்கும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.